ராகு எந்த நாட்டுப் பிரஜை?

கவலைப்படுகிறவர்களைப் பொறுப்பானவர்கள் என்று உலகம் நம்புகிறது. அந்த நம்பிக்கையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அலட்சியக்காரன் ஒரு காரியத்தைக் கெடுத்தால் அதில் பாதியாவது மிஞ்சும். கவலைக்காரன் கெடுத்தால் நாலு பக்கமும் யோசித்து, ஓட்டை ஒடிசல் இல்லாமல் முழுசாகக் கெடுப்பான். என் ஒரே அக்காவின் கல்யாணத்தை நான் அப்படித்தான் கெடுக்கப் பார்த்தேன்.

அப்போது ஜப்பான் காலம். மலாக்காவில் காஜா பெராங் பக்கம் எங்கள் வீடு. எனக்கு மீசை அரும்பியும் அரும்பாத வயது. ஒரு சைக்கிள் கடையில் வேலை. நாலாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டவன். (வறுமையால் நின்றேன் என்று வீட்டில் சொல்வார்கள். உண்மை அதுவல்ல. ஐந்தாம் வகுப்பில் பரீட்சை கடினமாக இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். அந்தப் பயத்திலேயே காய்ச்சல் வந்துவிட்டது.)

ஜப்பான்காரர்கள் வந்ததும் எதை எதையோ மாற்றினார்கள். கொடியை மாற்றினார்கள், பள்ளிக்கூடப் பாட்டை மாற்றினார்கள், வருசத்தையே மாற்றினார்கள். கூடவே கடிகாரத்தையும் ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். தோக்கியோவில் என்ன மணியோ அதுதான் மலாக்காவிலும். இந்தச் சங்கதியைச் சூரியனுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. அது வழக்கமான நேரத்துக்கே எழுந்து வந்தது. ஆகவே காலை எட்டு மணிக்குத்தான் எங்களுக்கு விடியும்.

ஊரே இரண்டு மணி வைத்துக்கொண்டு வாழப் பழகிவிட்டது. வேலைக்கும் ரேஷனுக்கும் புது மணி. கோயிலுக்கும் கோழிக்கும் சமையலுக்கும் பழைய மணி. யாராவது நேரம் சொன்னால், "பழசா, புதுசா?" என்று கேட்பது, "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பதைப் போல ஆகிவிட்டது. (சாப்பிட்டாச்சா என்று அப்போது யாரும் கேட்பதில்லை. தின்றது மரவள்ளிக்கிழங்கு. அதைச் சாப்பாடு என்று சொல்ல யாருக்கும் மனசு வராது.)

அக்கா கமலத்துக்கு ஏற்கெனவே இரண்டு இடம் வந்து தட்டிப் போயிருந்தது. அதன் பிறகு யுத்தம். வயதுப் பெண் இருக்கும் வீட்டில் ஜப்பான் சிப்பாய்களின் லாரிச் சத்தம் கேட்டாலே அம்மாவுக்கு உயிர் போய்விடும். அக்கா பரணில் ஏறிப் பழைய பாய்களுக்குப் பின்னால் போய் உட்காருவாள். இறங்கி வரும்போது தலையெல்லாம் ஒட்டடை. "இவளுக்கு ஒரு தாலி ஏறிட்டா நான் ஒரு ராத்திரியாவது தூங்குவேன்" என்று அம்மா தினமும் சாமி படத்திடம் சொல்லிக்கொண்டிருப்பாள். அப்படி இருக்கும்போதுதான் தெங்கேராவிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை முத்தையா நல்லவர், அமைதியானவர். அவருடைய அம்மா மருதாயி அம்மாளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. அந்தம்மாள் தெருவில் நடந்து வந்தால் வேலியோரக் கோழிகள்கூட வரிசையில் நிற்கும்.

"இந்த முகூர்த்தம் தவறுச்சுன்னா என் மகனுக்கு வேற எடம் பாத்துக்குவேன்" என்று நிச்சயத்தின்போதே அவர் சொல்லிவிட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

பூசாரி நாள் குறித்தார். திங்கட்கிழமை, பழைய மணிக்கு ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது ராகு காலம். பத்தரைக்கு எமகண்டம் தொடங்கிவிடும். இடையில் கிடைத்த சந்து அவ்வளவுதான்.

அம்மா என்னைக் கூப்பிட்டாள். "டேய், தெங்கேராவுக்குப் போயி சம்பந்தி வீட்டுல சொல்லிட்டு வா. ஒன்பது மணி, பழைய மணி. ராகு காலம் முடிஞ்சதும் மாப்பிள்ளை நம்ம தெரு முனைக்கு வந்தா ஆலாத்தி எடுத்துக் கூட்டிட்டு வந்துருவோம். சரியா சொல்லிருவியா?"

"இதுகூடச் சொல்லத் தெரியாதாம்மா?" என்றேன்.

நேராகத் தெங்கேராவுக்குப் போயிருந்தால் இதை நான் எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது. வழியில் வேதநாயகத்தின் வகுப்பு.

வேதநாயகம் என்னைவிட நாலைந்து வயது மூத்தவன். சீனியர் கேம்பிரிட்ஜ் வரை ஆங்கிலப் பள்ளியில் படித்தவன். யுத்தம் வந்ததால் படிப்புக்கேற்ற வேலை இல்லை. ஆனால் படிப்பு உள்ளே கிடந்து கொதித்துக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில்தான் சிங்கப்பூரில் நம்மவர்கள் சுதந்திர இந்தியாவுக்கு ஒரு தற்காலிக அரசாங்கம் அறிவித்திருந்தார்கள். ஊரெல்லாம் அதே பேச்சு. அரசாங்கம் என்றால் என்ன, நாடு என்றால் என்ன என்று ஜனங்களுக்கு விளக்க வேண்டும் என்று வேதநாயகம், மூடிக் கிடந்த ஒரு மளிகைக் கடையின் முன்னறையில் சாயங்கால வகுப்பு நடத்தினான். நல்ல கூட்டம் வரும். (அந்த அறையில் பழைய அரிசிச் சாக்கின் வாசனை இன்னும் போகாமல் இருந்தது. பாதிப்பேர் அதற்காகத்தான் வந்தார்கள் என்பது என் கருத்து.)

நான் போய் உட்கார்ந்தபோது அவன் விரல்களை மடக்கிக்கொண்டிருந்தான்.

"ஒரு நாடு நாடா இருக்கணும்னா நாலு வேணும். நெலம், ஜனம், அரசாங்கம், பரமாதிகாரம்." (இறையாண்மை என்று இப்போது அழகாகச் சொல்கிறார்கள். அன்றைக்கு அவன் பரமாதிகாரம் என்றுதான் சொன்னான்.)

முடிதிருத்தும் ராமையா கேட்டார்: "நம்ம தற்காலிக அரசாங்கத்துக்கு நெலம் எங்க தம்பி இருக்கு?"

"நெலம் வரும். ஜனம் இருக்கு, அரசாங்கம் இருக்கு."

"நாலு காலுல ரெண்டு கால்தான் இருக்குன்னா கட்டில் சாயாதா?" என்று நான் கேட்டேன். உண்மையாகவே எனக்குக் கவலையாக இருந்தது.

"அதுக்குத்தான் அங்கீகாரம். மத்த நாடுங்க, நீயும் ஒரு நாடுதான்னு ஒத்துக்கிட்டா, கால் இல்லாத எடத்துல செங்கல்ல அடுக்கி வெச்ச மாதிரி. கட்டில் நிக்கும்."

"மத்த நாடுங்க ஒத்துக்கலேன்னா? யாருகிட்ட போயி பிராது குடுக்கிறது?"

"யாருகிட்டயும் குடுக்க முடியாது. நாடுகளுக்கு மேல போலீஸ்காரன் கெடையாது. அவனவன் பலம், அவனவன் பேச்சுவார்த்தை, அவ்வளவுதான்."

எனக்கு அன்றைக்குத் தூக்கம் போனது உறுதி. உலகத்துக்கு மேலே ஒரு போலீஸ்காரன்கூட இல்லையாம்!

பிறகு அவன் பரமாதிகாரத்துக்கு வந்தான். "பரமாதிகாரம்னா, எல்லைக்குள்ள இருக்கிற எல்லாத்துக்கும் ஒரே எசமான். அந்த எல்லைக்குள்ள ரெண்டு பேரு உத்தரவு போட முடியாது. கடிகாரத்தையே எடுத்துக்குங்க. எவன் நேரத்துக்கு நீ நடக்கிறியோ அவனைத்தான் நீ ஆளுறவன்னு ஒத்துக்கிறே."

எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் தலை ஆடவில்லை. பழைய மணி யாருடைய மணி? வெள்ளைக்காரன் மணி. அக்கா கல்யாணம் எந்த மணிக்கு? பழைய மணிக்கு. அப்படியானால் எங்கள் வீட்டில், மாவிலைத் தோரணம் கட்டி, மேளம் கொட்டி, ஊரறிய வெள்ளைக்காரனை ஒத்துக்கொள்ளப் போகிறோம்!

வகுப்பு முடிந்ததும் வேதநாயகத்தை மடக்கினேன். "அண்ணே, பழைய ஒன்பதைப் புது மணிக்கு மாத்திப் பத்தரைன்னு சொல்லிட்டா சரியாப் போயிருமா?"

அவன் யோசித்தான். சும்மா போடா என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் படித்தவன். "அது நடைமுறையில சரி. ஆனா கொள்கையில பாத்தா, அது வெள்ளைக்காரனோட ஒன்பதுதான். ஜப்பான் சட்டை போட்டுக்கிட்டு நிக்குது."

"அப்ப, ராகு?"

"எந்த ராகு?"

"ராகு காலம்ணே. ராகு எந்த அரசாங்கத்துக்குக் கட்டுப்பட்டது?"

வேதநாயகம் தாடையைத் தடவினான். தெரியாது என்று சொல்கிற பழக்கம் அவனுக்கு இல்லை. "எல்லைக்குள்ள வந்து வேலை செய்யுதுன்னா அதுவும் எல்லைக்குள்ளதான் அடக்கம்" என்றான்.

தீர்ந்தது. ராகுவும் இந்த நாட்டுப் பிரஜைதான். நமக்கெல்லாம் மணி மாறியபோது அதற்கும் மாறியிருக்கும். அப்படியானால் புது மணி ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகு காலம். புது மணி ஒன்பதுக்கு அது முடிந்துவிடும். எல்லாம் அழகாகப் பொருந்தியது. எனக்கு அப்படி ஒரு நிம்மதி. என் வாழ்க்கையில் நான் நிம்மதியாக இருந்த நேரங்களில்தான் பெரிய நாசங்கள் நடந்திருக்கின்றன.

சைக்கிளை மிதித்தேன். தெங்கேரா போகும் வழியில் ஒரு ஜப்பான் சிப்பாய் நிற்பான். இறங்கிக் குனிந்துவிட்டுத்தான் போக வேண்டும். (அவன் இல்லாத நாட்களிலும் நான் இறங்கி, அவன் நிற்கும் இடத்தைப் பார்த்துக் குனிந்துவிட்டுத்தான் போவேன்.) மாப்பிள்ளையின் அப்பா சின்னையா மாமா வாசலில் குடையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, திங்கக்கெழம ஒன்பது மணிக்கு எங்க தெரு முனைக்கு வந்துரணும். புது மணி."

அவர் நிமிர்ந்தார். "புது மணி ஒன்பதுன்னா பழசுக்கு ஏழரை. திங்கக்கெழம ஏழரை ராகு காலமாச்சே தம்பி?"

"அது பழைய ராகு காலம் மாமா. இப்ப மாத்திட்டாங்க."

"யாரு?"

"கவுருமெண்டு."

இதை இப்போது கேட்டால் சிரிப்பீர்கள். அன்றைக்கு யார் எதைச் சொன்னாலும் நம்பும்படி இருந்தது. சின்னையா மாமா வளைந்த குடைக் கம்பி ஒன்றை நிமிர்த்தினார். "வருசத்துலயே அறுநூத்தி அறுபதைக் கூட்டிட்டானுங்க. ராகுவை மட்டும் சும்மாவா விடுவானுங்க?" என்றார். விஷயம் முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள்: "சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"ஒன்பது மணின்னு?"

"ஒன்பது மணின்னு."

பொய் ஒன்றும் இல்லை, பாருங்கள். விஷயத்தை விளக்கிச் சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் ராஜத் துரோகம் அது இது என்று ஆரம்பித்தால் அம்மா பயந்துவிடுவாள். என் கவலையை நான் யாருக்கும் பங்கு கொடுப்பதில்லை. திங்கட்கிழமை காலையில் எல்லாரையும் சீக்கிரம் தயார் செய்துவிட்டால் போதும், சொல்லவே வேண்டியதில்லை என்று முடிவு கட்டினேன்.

எங்கள் வீட்டாரைத் தயார் செய்வது எப்படிப்பட்ட வேலை என்பதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை இருட்டோடு எழுந்து, "அக்காவுக்குத் தலை பின்னியாச்சா? அப்பா, வேட்டி கட்டுங்கப்பா! பாயை விரிங்க!" என்று வீட்டுக்கும் கொல்லைக்கும் ஓடினேன்.

"ஏன்டா கால்ல சுடுதண்ணி ஊத்துன மாதிரி குதிக்கிறே? இன்னும் நேரம் கெடக்கு" என்றாள் அம்மா. அக்கா ஈரத் தலையோடு முற்றத்தில் உட்கார்ந்திருந்தாள். அப்பா இடுப்பில் துண்டோடு வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார். அடுப்பில் மரவள்ளிக்கிழங்கு அப்போதுதான் வேக ஆரம்பித்திருந்தது. எங்கிருந்தோ சேர்த்து வைத்திருந்த கொஞ்சம் அரிசியை, வருகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு பிடியாவது வருமா என்று அம்மா முறத்தில் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போது தெரு முனையில் மேளச் சத்தம்.

அம்மா கை அப்படியே நின்றது. "யாரு வீட்டுலடா இந்நேரத்துக்கு மேளம்?"

நான் அப்பாவின் வேட்டியை எடுக்க ஓடினேன்.

மாட்டு வண்டியில் மாலையும் தலைப்பாகையுமாக மாப்பிள்ளை. பின்னால் நடந்து வந்த சொந்தக்காரர்கள். முன்னால் மருதாயி அம்மாள். ஆலாத்தி எடுக்காமல் மாப்பிள்ளை வண்டியை விட்டு இறங்கக் கூடாது. அது அவர்கள் வழக்கம், எங்கள் வழக்கமும் அதுதான். அம்மா மஞ்சள் கையோடு வாசலுக்கு ஓடினாள். அப்பா வாழைமரத்தைக் கட்டிப் பிடித்தபடி நின்றார்.

"என்ன சம்பந்தி, மாப்பிள்ளை வந்து தெருவுல நிக்கிறாரு. ஆலாத்தி எங்க?"

"இந்நேரத்துக்கு வந்து நின்னா எப்படி சம்பந்தி? இப்பத்தானே ராகு காலம் ஆரம்பிச்சிருக்கு!"

"அதத்தான் மாத்திட்டாங்களாமே?"

"எத?"

"ராகு காலத்த."

"யாரு மாத்துனா?"

"கவுருமெண்டு!"

"யாரு சொன்னா?"

மேளம் நின்றது. சின்னையா மாமா மெதுவாகக் குடையைத் தூக்கி, அதன் முனையால் என்னைக் காட்டினார்.

அப்பா கேட்டார்: "ராகு காலத்த மாத்துறதுக்கு நீ யாருடா?"

"நான் மாத்தலப்பா. பரமாதிகாரம்தான்..."

அதற்கு மேல் சொல்ல வரவில்லை. ஜன்னல் ஓரத்தில் அக்காவின் முகம் தெரிந்தது. அவள் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் கோபப்படவில்லை. பரணிலிருந்து இறங்கி வரும்போது இருக்குமே, அந்த முகம். மூன்றாவது இடமும் போயிற்று என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"வேணும்னே ராகு காலத்துல வரவெச்சு என் மகனை அவமானப்படுத்திட்டீங்க" என்றார் மருதாயி அம்மாள். "வண்டியைத் திருப்பு!"

வண்டிக்காரர் தயங்கினார். "ராகு காலத்துல திருப்பலாமாம்மா?"

அந்தம்மாள் திகைத்துப் போனார். ராகு காலத்தில் பெண் வீட்டுக்குள் நுழையவும் கூடாது. நல்ல காரியத்துக்குப் புறப்பட்ட வண்டியை ராகு காலத்தில் திருப்பவும் கூடாது. "சரி. முடியட்டும். முடிஞ்ச நிமிசத்துல திருப்பு" என்று சொல்லிவிட்டு இடுப்பில் கை வைத்துத் தெருவிலேயே நின்றார். அவர் நிற்க, கூட வந்தவர்கள் எல்லாரும் நின்றார்கள். எங்கள் பக்கம் ஆலாத்தித் தட்டு இல்லாமல் நாங்கள் நின்றோம். சம்பந்தி வீட்டுக்கும் பெண் வீட்டுக்கும் மேலேயும் ஒரு போலீஸ்காரன் கிடையாது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

உதவிக்கென்று முன்னாலேயே வந்திருந்த வேதநாயகம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நடுவில் போனான். "அம்மா, ரெண்டு தரப்புக்கும் பொதுவா ஒரு நடுநிலைப் பிரதேசத்துல உக்காந்து..."

"நீ யாருப்பா? பொண்ணுக்குச் சொந்தமா?"

"இல்லீங்க."

"எங்களுக்குச் சொந்தமா?"

"இல்லீங்க. நான் பொதுவா..."

"அப்பப் பொதுவா ஒதுங்கி நில்லு."

அந்தச் சமயத்தில்தான் தெருவின் மறுமுனையில் ஒரு ஜப்பான் சிப்பாய் சைக்கிளில் வந்தான். காரணம் இல்லாமல் கூட்டம் கூடினால் என்ன நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். மேளக்காரர் மேளத்தை மடியில் மறைக்கப் பார்த்தார். (மேளத்தை மடியில் மறைக்க முடியாது.) வேதநாயகத்தைக் காணோம். அவன் கிணற்றுக்குப் பின்னால் குந்தியிருந்ததைப் பிறகுதான் பார்த்தோம்.

எனக்கு யோசனை என்று எதுவும் வரவில்லை. கால்தான் ஓடியது. எங்கள் வீட்டுக்குள் ஓடினால் சிப்பாய் அங்கே வந்து அக்காவைப் பார்த்துவிடுவானே என்ற ஒரு பயம் மட்டும் மின்னல் போல வந்தது. பக்கத்து வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே பாய்ந்தேன். நான் எங்கே போகிறேன் என்று தெரிந்துதான் போகிறேன் என்று மருதாயி அம்மாள் நினைத்திருக்க வேண்டும். அவர் என் பின்னால் வந்தார். அவர் பின்னால் சின்னையா மாமா. அவர் பின்னால் அத்தனை பேரும். வாழ்க்கையில் ஒரு கூட்டம் என்னைத் தலைவனாக ஏற்றுப் பின்தொடர்ந்தது அந்த ஒரு தடவைதான்.

அது கணபதி அண்ணன் வீடு. அவர்கள் சிட்டி வம்சத்தார். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் மலாக்காவுக்கு வந்தவர்கள். சாமி எல்லாம் நம் சாமி, பேச்சு மட்டும் மலாய் மாதிரி ஒரு பேச்சு. அவர் மனைவி லெட்சுமி அக்கா, கபாயாச் சட்டையும் கைலியுமாக அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். ஒரு கல்யாணக் கோஷ்டி முழுசாகத் தன் கூடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பதைக் கண்டு கொஞ்சமும் அசரவில்லை.

"மாசோக், மாசோக்! டுடோக் டூலு!" என்று உள்ளே கூப்பிட்டுப் பாயை உதறிப் போட்டார்.

மருதாயி அம்மாள் உட்காரவில்லை. "இவுங்க நம்ம ஜனமா, வேற ஜனமா?" என்று என் காதில் கேட்டார். நான் பதில் தேடுவதற்குள் அவரே சாமி மாடத்தைப் பார்த்துவிட்டார். பிள்ளையார், முருகன், அம்மன், குத்துவிளக்கு. கன்னத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

அப்போதுதான் ஒருவருக்கு ஞாபகம் வந்தது. "ஐயோ, மாப்பிள்ளை!"

ஜன்னல் சந்தில் பார்த்தோம். ஆலாத்தி எடுக்காமல் இறங்கக் கூடாதென்று முத்தையா மச்சான் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். தெருவில் அவரும் மாடும் சிப்பாயும் மட்டும். சிப்பாய் சைக்கிளை நிறுத்திவிட்டு வண்டியைச் சுற்றி வந்தான். ஏதோ கேட்டான். மச்சான் உட்கார்ந்தபடியே குனிந்தார். குனிந்ததில் தலைப்பாகை சரிந்து மூக்குக்கு வந்தது. மருதாயி அம்மாள் என் கையைப் பிடித்திருந்தார். அந்த நகத்தின் தழும்பு ரொம்ப நாள் இருந்தது. சிப்பாய் மறுபடி ஏதோ கேட்டான். மச்சான் எங்கள் வீட்டைக் காட்டி, மாலையைக் காட்டி, கழுத்தில் முடிச்சுப் போடுவது போலச் சைகை செய்தார். சிப்பாய் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தான். பிறகு சட்டைப் பையில் கையை விட்டான். எங்களில் பாதிப்பேர் கண்ணை மூடிக்கொண்டோம்.

சிகரெட் ஒன்றை எடுத்து மச்சான் கையில் கொடுத்து, தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, சைக்கிளில் ஏறிப் போயே போய்விட்டான்.

கூடத்தில் எல்லாரும் ஒரே மூச்சாக மூச்சு விட்டதில் பிள்ளையார் விளக்கு அணைந்து போயிற்று.

லெட்சுமி அக்கா விளக்கை ஏற்றிவிட்டு ஒரு பெரிய தட்டைக் கொண்டுவந்து வைத்தார். எங்கள் கல்யாணத்துக்குக் கொடுப்பதற்காக விடியற்காலையில் எழுந்து சுட்ட மரவள்ளிக்கிழங்குப் பலகாரம், தேங்காய்ப்பால் ஊற்றி, ஓரம் சிவக்கச் சுட்டது. கூடவே சீனி இல்லாத கறுப்புக் காப்பி. தெங்கேராக்காரர்கள் இருட்டில் வெறும் வயிற்றோடு கிளம்பி நடந்து வந்தவர்கள். ஒரு துண்டு உள்ளே போனதும் மருதாயி அம்மாளின் முகத்தில் ஒரு சுருக்கம் குறைந்தது. இரண்டாவது துண்டில் இன்னொன்று. ராகு காலத்தில் பலகாரம் சாப்பிடக் கூடாது என்று எந்த நாட்டுச் சட்டமும் இல்லை.

லெட்சுமி அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்து எங்கள் வீட்டுப் பக்கம் கையைக் காட்டிக் காட்டி ஏதேதோ சொன்னார். நடுவில் "கமலம், கமலம்" என்றும், "பாயெக், பாயெக்" என்றும் வந்தது. நல்ல பெண் என்கிறார். தனக்குக் காய்ச்சல் கண்டு படுத்திருந்தபோது கமலம்தான் வேலியைத் தாண்டி வந்து கஞ்சி வைத்துக் கொடுத்தாள், தலை வாரிவிட்டாள் என்று கை ஜாடையோடு சொன்னார்.

"அவுங்க என்ன சொல்றாங்கன்னா..." என்று நான் ஆரம்பித்தேன்.

"நீ வாயத் தொறக்காத" என்றார் மருதாயி அம்மாள். "எனக்குச் சந்தையில பேசுற பசார் மலாய் தெரியும். உன் வாயில போயி வந்தா அதுவும் வேறயா ஆயிரும்."

ராகு காலம் முடிகிற நேரம் வந்தது. அந்தம்மாள் எழுந்தார். நாங்களும் எழுந்தோம். அவர் வாசலுக்குப் போய் வண்டியைப் பார்த்தார். மாட்டின் மூக்கணாங்கயிற்றை வண்டிக்காரர் கையில் எடுத்துக்கொண்டார். அம்மா எங்கள் வாசலில் ஆலாத்தித் தட்டோடு நின்றாள். மஞ்சள் தண்ணீர் தட்டில் அலையடித்தது.

"முத்தையா, என்னப்பா சொன்னான் அந்தச் சிப்பாயி?" என்று மகனைக் கேட்டார் மருதாயி அம்மாள்.

மச்சான் சிகரெட்டைக் காதில் செருகியிருந்தார். "பொண்ணு நல்ல பொண்ணான்னு கேட்டான் போல இருக்கும்மா. ஆமாம்னு தலையாட்டிட்டேன். இனிமே வேணாம்னு திரும்பிப் போனா, வழியில பாத்துக் கேப்பான்."

(அமைதியானவர் என்று சொன்னேனே, அது தப்பு. சமயம் பார்த்துப் பேசுகிறவர்.)

மருதாயி அம்மாள் மகனை ஒரு பார்வை பார்த்தார். லெட்சுமி அக்காவைத் திரும்பிப் பார்த்தார். "பொண்ணு வீட்டுக்காரங்க அவுங்க பொண்ணை நல்லவன்னுதான் சொல்லுவாங்க. இந்தம்மாவுக்கு என்ன வந்துச்சு? பேச்சுகூட வேற. அது சொன்னா நான் நம்புறேன்" என்றார். பிறகு என் அம்மாவைப் பார்த்து, "ஆலாத்திய எடுங்க சம்பந்தி, என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? எமகண்டம் வந்துரப் போவுது!" என்று அதட்டினார்.

பூசாரி பழைய மணிப்படி நிதானமாக வந்து சேர்ந்தார். நடந்தது ஒன்றும் அவருக்குத் தெரியாது. "பரவாயில்லையே, எல்லாரும் நேரத்துக்கு வந்துட்டீங்களே!" என்று பாராட்டினார். மஞ்சள் கயிற்றில் தாலி ஏறியது. அம்மா அழுதாள். கிணற்றடியிலிருந்து வந்து அட்சதை போட்ட வேதநாயகம், "வெளிநாட்டு அங்கீகாரத்தோட தாலி கட்டுன ஒரே மாப்பிள்ளை இவர்தான். அதுவும் ரெண்டு பக்கத்துலேருந்து. சிப்பாயி ஒண்ணு, லெட்சுமி அக்கா ஒண்ணு" என்றான். அவனை அடிக்க எனக்கு உரிமை இருந்தும் அடிக்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் இன்னொரு நிம்மதி காத்திருந்தது. லெட்சுமி அக்காவின் பலகாரத்தால் வயிறு நிறைந்திருந்த மாப்பிள்ளை வீட்டார், "போதும் போதும்" என்று இலையை மறைத்தார்கள். பற்றாதே என்று அம்மா ஒரு வாரமாகத் தூக்கத்தில் புலம்பிய அரிசிச் சோறு, எல்லாரும் சாப்பிட்டுப் பானையில் மிச்சம் இருந்தது. ஜப்பான் காலத்தில் சோறு மிஞ்சிய கல்யாணம் எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றுதான் என்று அம்மா கடைசி வரை பெருமையடித்துக்கொண்டிருந்தாள். அது யாரால் மிஞ்சியது என்று மட்டும் சொல்ல மாட்டாள்.

இலை எடுப்பதற்கு முன் மருதாயி அம்மாள் எல்லாரும் கேட்க ஒரு நிபந்தனை போட்டார். "எங்களுக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா ஒண்ணு. இனிமே நம்ம ரெண்டு குடும்பத்துலயும் எந்த நல்லது கெட்டதுக்கும் இந்தப் பையன் வாயால நேரம் சொல்லக் கூடாது. இவனுக்கும் யாரும் நேரம் சொல்லக் கூடாது. சொன்னா அத வெச்சுக்கிட்டு யோசிப்பான்."

இரண்டு தரப்பும் ஏகமனதாக ஒத்துக்கொண்டது. யுத்தம் முடிந்தது, வெள்ளைக்காரன் வந்தான், போனான், கடிகாரமும் எத்தனையோ முறை முன்னும் பின்னும் போயிற்று. மருதாயி அம்மாளும் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த ஒப்பந்தம் மட்டும் இன்றுவரை மீறப்படவில்லை. அக்காவின் பிள்ளைகள் கல்யாணம், பேரப்பிள்ளைகள் கல்யாணம், என் சொந்தக் கல்யாணம் உட்பட எதற்கும் முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. வந்து எழுப்புவார்கள், குளிக்கச் சொல்வார்கள், சட்டையை மாட்டிக் காரில் ஏற்றுவார்கள்.

போன மாதம் உஜோங் பாசிரில் அக்காவின் கொள்ளுப்பேத்திக்குக் கல்யாணம். கூட்டிப்போக ஒரு பையன் கார் கொண்டுவந்தான். அவனுக்கு என் பெயர்கூடச் சரியாகத் தெரியாது. எதற்கும் கேட்டு வைப்போமே என்று, "எத்தனை மணிக்குப்பா முகூர்த்தம்?" என்றேன்.

"சோரி தாத்தா, உங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு பாட்டி சொல்லியிருக்காங்க" என்றான்.

ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தேன். கடல் காற்று சுகமாக வீசியது. நேரமாகிவிட்டதா, நேரம் இருக்கிறதா, எனக்குத் தெரியாது. தெரிய வேண்டியவர்கள் கவலைப்பட்டுக்கொள்ளட்டும்.